வீட்டு உள்சுவருக்கு எந்தப் பெயின்ட்? டிஸ்டெம்பரிலிருந்து எமல்ஷன் வரை

கடைக்குப் போய் உள்சுவருக்குப் பெயின்ட் வேண்டும் என்றால், கலருக்கு முன்னால் வரும் கேள்வி "டிஸ்டெம்பரா, எமல்ஷனா?" என்பதுதான். இரண்டும் தண்ணீர் கலந்து அடிப்பவைதான்; டிஸ்டெம்பர் மலிவு, எமல்ஷன் அதற்கு மேல்படி. எமல்ஷன் என்று சொன்னால், எந்த எமல்ஷன் என்று அடுத்த கேள்வி. ஏசியன் பெயின்ட்ஸில் மட்டுமே டிராக்டர், அப்கோலைட், ராயல் என்று மூன்று படி இருக்கிறது. பெர்ஜர் சில்க், ட்யூலக்ஸ் வெல்வெட் டச் எல்லாம் ராயலின் படியில் நிற்பவை. அதே வெள்ளை, அதே 20 லிட்டர் வாளி. கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் விலையோ மடங்குக் கணக்கில் வித்தியாசப்படும். காசு கூடக் கொடுத்தால் நல்ல பெயின்ட் கிடைக்கும் என்பது பாதி உண்மை. உங்கள் சுவருக்கு அது தேவையா என்பது மீதிப் பாதி. அதைத் தீர்மானிக்க, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

தூளும் பசையும்

தண்ணீர் கலந்து அடிக்கும் எந்தப் பெயின்ட்டிலும் நான்கு வகைச் சரக்கு உண்டு. அடிச்சுவரை மறைப்பதற்கு நிறமி. வெள்ளைக்கு அது டைட்டானியம் டை ஆக்சைடு; டப்பாவில் விலை கூடிய பொருள்களில் ஒன்று. அளவைக் கூட்டுவதற்கு நிரப்புத் தூள்: சுண்ணாம்புக்கல் மாவு, டால்க், சீனாக் களிமண். இந்தத் தூளையெல்லாம் சுவரோடு பிடித்து வைக்கப் பசை. இன்று பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கைப் பிசின். எல்லாம் சேர்ந்து ஓடுவதற்குத் தண்ணீர். பூஞ்சை பிடிக்காமல், நுரைக்காமல், டப்பாவிலேயே அழுகாமல் இருக்கச் சிறு அளவில் சில மருந்துகளும் சேரும். சுவரில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகிவிட, பசையின் நுண்துளிகள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன.

உலர்ந்த கோலமாவை இழுத்தால் காற்றுக்கே கலைந்துவிடும். அரைத்த அரிசிமாவில் இழுத்த மாக்கோலம் காய்ந்தபின் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெயின்ட்டில் பசை செய்வது இந்த வேலையைத்தான். தூள் எவ்வளவு, பசை எவ்வளவு என்ற கணக்குத்தான் டிஸ்டெம்பரையும் எமல்ஷனையும், எமல்ஷனுக்குள்ளேயே மலிவையும் உயர்ந்ததையும் பிரிக்கிறது.

பசை தாராளமாக இருந்தால் தூளின் ஒவ்வொரு மணியும் அதற்குள் புதைந்துவிடும், இடுக்கே இருக்காது. மேற்பரப்பு வழுவழுப்பாகும், ஒளியைத் திருப்பி அடிக்கும், ஈரத்துணியால் துடைத்தால் தாங்கும். பசை குறைந்தால் மணிகளுக்கு இடையில் காற்று தங்கும். பளபளப்பு போகும், அந்த இடுக்குகளில் எண்ணெயும் அழுக்கும் ஏறும், கையால் தேய்த்தால் தூள் வரும். பளபளப்பும் கழுவும் தன்மையும் பெரும்பாலும் சேர்ந்தே கூடுவதற்கும் சேர்ந்தே குறைவதற்கும் காரணம் இதுதான். பளபளப்பே இல்லாமல் கழுவவும் முடிகிற பெயின்ட் வேண்டுமென்றால் உயர்ந்த ரகப் பசையும் நன்றாக நுணுக்கிய தூளும் வேண்டும். உயர்ரக மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனின் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

உங்கள் வீட்டுச் சுவரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஈரவிரலால் சுவரில் ஒரு கோடு இழுங்கள். கோடு கருத்து, சில நிமிடத்தில் காய்ந்ததும் மறைந்தால் அந்தப் பெயின்ட்டில் இடுக்கு அதிகம், பசை குறைவு. தண்ணீர் முத்து முத்தாக நின்று, நிறம் மாறாமல் இருந்தால் பசை நிறைந்த படலம். டைட்டானியம் டை ஆக்சைடு தானாகவே ஒளியை நன்றாக வளைத்துச் சிதறடிக்கும். சுண்ணாம்புக்கல் மாவு அப்படியல்ல. அதைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் வெள்ளையாகத் தெரியும். காற்றின் இடத்தில் தண்ணீர் ஏறியதும் அது பாதி கண்ணாடி ஆகிவிடுகிறது, அடிச்சுவர் தெரிகிறது. மலிவான டிஸ்டெம்பரை அடிக்கும்போது "பழைய கலர் தெரியுதே" என்று நீங்கள் பதறினால் பெயின்டர் "காயட்டும் சார்" என்பார். அவர் சொல்வது சரிதான், தண்ணீர் வெளியேறிக் காற்று நுழைந்ததும் மறைத்துவிடும். பின்னாளில் ஈரக்கை பட்டதும் திட்டு தெரிவதும் அதே காரணத்தால்தான்.

கடையில் கிடைக்கும் வகைகள்

சுண்ணாம்பை இன்று யாரும் பெயின்ட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மெல்லக் கல்லாக இறுகும். சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். செட்டிநாட்டு வீடுகளிலும் நூறு வயது தாண்டிய கிராமத்து வீடுகளிலும் சுவரின் மேல் நல்ல எமல்ஷனை அடித்து மூடினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் படலத்தையே தள்ளிக்கொண்டு வரும். அங்கே வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிஸ்டெம்பரில் தண்ணீரில் கரைத்து அடிக்கும் உலர்தூள் வகை (இந்தியத் தர எண் ஐ.எஸ். 427) கடைகளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இப்போது கிடைப்பது கெட்டிக் கூழாக வரும் அக்ரிலிக் வகை; கிலோ கணக்கில் விற்பார்கள். ஐ.எஸ். 428 தரத்தில் வரும் இதற்கு "வாஷபிள் டிஸ்டெம்பர்" என்று பெயர். பெயரை நம்பிச் சோப்பு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுக்கலாம், அவ்வளவுதான். வாடகைக்கு விடும் வீடு, மேற்கூரை, சாமான் அறை, கை படாத உயரச் சுவர் ஆகியவற்றுக்கு டிஸ்டெம்பர் போதும். இதன் உண்மையான செலவு அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போதுதான் தெரியும். டிஸ்டெம்பர் மேல் டிஸ்டெம்பராக நான்கைந்து அடுக்கு ஏறிய சுவரில் எமல்ஷன் அடிக்க வேண்டுமென்றால், அத்தனையையும் சுரண்டி எடுக்கும் கூலி சேரும்.

எமல்ஷன்தான் இன்றைய வழக்கம். மூன்று படியாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்படி எமல்ஷன் டிஸ்டெம்பரைவிட ஒரு படி மேல். மேட்டாக இருக்கும், துடைக்கலாம், அழுத்தித் தேய்க்க முடியாது. நடுப்படியில் லேசான மினுமினுப்பும் கழுவும் தாக்குப்பிடிப்பும் வரும். ஆட்கள் புழங்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் நாங்கள் சொல்வது இதைத்தான். மேல்படி உயர்ரகம்: கறை ஒட்டாது, தேய்த்துக் கழுவலாம், தொட்டால் வழவழவென்றிருக்கும். சுவர் நேராக, ஈரமில்லாமல், பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்த்ததாக இருந்தால் மட்டுமே இதற்குப் போடும் காசு கண்ணுக்குத் தெரியும். ஓதம் ஏறிய சுவரில் உயர்ரக எமல்ஷன் அடிப்பது பணத்தைச் சுவரில் கரைப்பது.

எண்ணெய்ப் பெயின்ட், அதாவது டர்பன்டைன் கலந்து அடிக்கும் எனாமல், ஒரு காலத்தில் சமையலறையிலும் பள்ளி, மருத்துவமனைச் சுவர்களின் கீழ்ப்பாதியிலும் அடித்தது. கழுவத் தோதானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாடை பல நாள் நிற்கும், வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளை மஞ்சளாகும், சுவரின் ஈரத்தை வெளியே விடாது. புதுச் சிமென்ட் சுவரில் இன்னொரு வினையும் உண்டு. புதுப் பூச்சின் காரத்தன்மை பி.எச். 12, 13 வரை இருக்கும். காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு செய்யும் முறையே அதுதான். படலத்தின் அடியில் அதே வினை நடந்து, பிசுபிசுத்து, பெயின்ட் தோலாக உரியும். எனாமலைக் கதவு, கிரில், ஜன்னல் கம்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய எனாமலைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்க விடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

டெக்ஸ்சர், அதாவது மேடு பள்ளமாகத் தெரியும்படி அடிக்கும் பெயின்ட், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடு பள்ளத்தில் ஒட்டடையும் தூசியும் சேரும். பிடிக்காமல் போனால் முழுச் சுவரையும் மறுபடி பட்டி வைத்துத்தான் மூட வேண்டும். ஆசைக்கு ஒரு சுவரில் வைக்கலாம்.

மேட்டா, மினுமினுப்பா?

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் நேராகத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் கரண்டி இழுத்த தடமும் நிழல் போட்டுத் தெரியும். பளபளப்பான பெயின்ட் அடித்தால் பகலிலும் இதே காட்சிதான். ஜன்னலுக்கு அடுத்த சுவர், ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து எல்.இ.டி. பட்டை விளக்கு கீழ்நோக்கி விழும் சுவர் இரண்டிலும் இந்தத் தொல்லை அதிகம். அப்படிப்பட்ட சுவர் கோணலாக இருந்தால் மேட் மட்டுமே காப்பாற்றும்.

மேட்டுக்கு இன்னொரு நன்மை: பின்னால் ஓர் இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் தெரியாது. சாட்டினில், அதாவது மினுமினுப்புள்ள வகையில், அப்படிச் செய்தால், அதே டப்பாவின் பெயின்ட்டாக இருந்தாலும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த இடம் தனித் திட்டாக மின்னும். அதனால் ஆணி அடித்துப் பிடுங்கும், சாமான் இடிக்கும் வீட்டில் பளபளப்புக்கு ஆசைப்படும் முன் யோசியுங்கள்.

அறைக்கு அறை

மேற்கூரைக்கு மேட் வெள்ளை, முதற்படி எமல்ஷன் அல்லது டிஸ்டெம்பர். யாரும் தொடப்போவதில்லை, மின்னினால் கண்ணைக் கூசும், பூச்சின் குறையும் தெரியும். அங்கே மிச்சப்படும் காசைச் சமையலறைக்குக் கொண்டு போங்கள்.

ஹாலில் சோபாவுக்குப் பின்னால், படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டில், ஓராண்டில் வட்ட வட்டமாக ஒரு கறை விழும். தலை எண்ணெய். மேட் டிஸ்டெம்பரின் இடுக்குகளில் அது உள்ளே இறங்கிவிடுவதால் துடைத்தால் போகாது. மேலே புது கோட் அடித்தாலும் சில வாரத்தில் மஞ்சளாகக் கசிந்து வரும். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவி, உலரவிட்டு, எண்ணெய் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) ஒரு கோட் கொடுத்த பிறகுதான் எமல்ஷன் அடிக்க வேண்டும். முதலிலேயே நடுப்படி எமல்ஷன் அடித்திருந்தால் ஈரத்துணியோடு வேலை முடிந்திருக்கும். குழந்தைகள் கிறுக்கும் சுவர், மாடிப்படிச் சுவர், சுவிட்ச் போர்டைச் சுற்றிய பகுதி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

சமையலறையில் டைல்ஸுக்கு மேலே சாட்டின் மினுமினுப்புள்ள எமல்ஷன். தாளிக்கும் எண்ணெய்ப்புகை அடுப்புச் சுவரில் மட்டும் படியாது, எதிர்ச் சுவரின் மேல் மூலையிலும் படியும். பூஜையறையும் இதே வகைதான்: நல்லெண்ணெய் விளக்கின் கரி, சாம்பிராணிப் புகை. கரி படிந்த சுவரை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள். நேரே ஈரத்துணி போட்டால் கரியைச் சுவருக்குள் தேய்த்து ஏற்றுவது போலாகும்.

குளியலறையில் டைல்ஸ் தாண்டிய சுவருக்கும் கூரைக்கும் பூஞ்சைத் தடுப்பு உள்ள எமல்ஷன் வாங்குங்கள், டிஸ்டெம்பர் வேண்டாம். அக்ரிலிக் பட்டியையும் அங்கே வைக்காதீர்கள். அது வெறுமனே காய்ந்து இறுகுவது, தொடர்ந்து ஈரம் பட்டால் இளகும். வெள்ளைச் சிமென்ட் பட்டி தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது, அதனால் தாங்கும். எதை அடித்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் கருப்புப் புள்ளி வரும்.

சுவர் தயாரா?

பெயின்ட் தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி சுவர்தான். புதுப் பூச்சு என்றால் தண்ணீர் ஊற்றி நனைத்த நாள்கள் போக, குறைந்தது 28 நாள் உலர வேண்டும். மழைக்காலமானால் இன்னும் கூட. உலர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலை, சுமார் 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

பழைய சுவருக்கு இரண்டு சோதனை. கருப்புத் துணியால் அழுத்தித் தேயுங்கள். தூள் ஒட்டினால் பழைய டிஸ்டெம்பர் உதிர்கிறது. அதன் மேல் எமல்ஷன் அடித்தால் எமல்ஷன் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. அடுத்து, அகலமான செல்லோ டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். பழைய பெயின்ட் டேப்போடு வந்தால் சுரண்டல் வேலை இருக்கிறது.

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். கூரையோரம் பழுப்பு வளையம் என்றால் மொட்டைமாடிக் கசிவு. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் என்றால் குழாயோ டைல்ஸ் இணைப்போ. எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. வரும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் மட்டும் ஆவியாக, உப்பு படிகமாகி விரிகிறது. படலம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய தகடாகப் பெயர்ந்து வரும். பூத்த உப்பை உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். ஓதத்தை இப்போதைக்கு நிறுத்த வழியில்லாத வாடகை வீடாக இருந்தால், கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்துவிட்டு வருடா வருடம் புதுப்பிப்பது, எமல்ஷன் அடித்து வருந்துவதைவிட மேல்.

பூஞ்சை பிடித்த சுவருக்கு பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவி, முழுக்க உலர விடுங்கள். கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கொல்லாமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பூஞ்சை திரும்பி வரும்.

பட்டியும் பிரைமரும்

பட்டி சுவரைச் சமமாக்க. பிரைமர் சுவர் பெயின்ட்டை உறிஞ்சாமல் தடுத்துப் பிடிப்புக் கொடுக்க. இரண்டும் வேறு வேலை. ஒன்று இருப்பதால் இன்னொன்றைத் தவிர்க்க முடியாது.

வெள்ளைச் சிமென்ட் பட்டிக்குச் சுவரை லேசாக நனைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகத் தண்ணீர் கிடைக்காமல் மாவாகவே நின்றுவிடும். ஒரு கிலோத் தூளுக்கு 360 முதல் 400 மி.லி. தண்ணீர். கட்டியில்லாமல் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்கிப் பூசுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றித் திரும்ப இளக்குவது பலர் செய்யும் தவறு, அந்தப் பட்டி பிறகு உதிரும். இரண்டு கோட் சேர்த்து ஒன்றரை மி.மீ. தாண்ட வேண்டாம். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் அது சிமென்ட் பூச்சு வேலை, பட்டி வேலை அல்ல.

காய்ந்தபின் 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். இங்கேதான் பல வீட்டில் வேலை கெடுகிறது. தேய்த்த தூள் சுவர் முழுக்கப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் அந்தத் தூளின் மேல் உட்காரும். ஆறு மாதம் கழித்து, சுவரில் ஒட்டிய டேப்பைப் பிரிக்கும்போது பெயின்ட், பிரைமர் எல்லாம் பட்டியைவிட்டுப் பிரிந்து ஒரே தோலாக வரும். பின்பக்கம் வெள்ளை மாவு. தேய்த்தபின் மென்மையான தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஓர் அறைக்கு அரை மணி நேர வேலை.

தண்ணீர் பிரைமர் பெரும்பாலான சுவருக்குப் போதும். எண்ணெய் பிரைமர் கறை, கரி, பழைய உதிர்சுவர் ஆகியவற்றுக்கு. ஈரம் குறையாத புதுச் சுவரில் அதை அடிக்க வேண்டாம், மேலே எனாமலுக்குச் சொன்ன அதே சோப்பு வினை. மறுமுறை அடிக்கும்போது பழைய எமல்ஷன் உறுதியாக இருந்தால், லேசாக உப்புத்தாள் போட்டுக் கழுவி, பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் கொடுத்தால் போதுமானது. அங்கே முழுச் சுவருக்கும் புதுப் பட்டி வைக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று கொள்வோம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. 3க்கு 7 கதவும் 4க்கு 4 ஜன்னலும் கழித்தால் ஏறக்குறைய 400. டப்பாவில் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 120, 140 சதுர அடி என்று போட்டிருக்கும். அது வழுவழுப்பான சுவருக்குச் சொன்னது. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 என்று வைத்தால் ஏமாற மாட்டீர்கள். ஆக எமல்ஷன் 7 லிட்டர், பிரைமர் ஒரு கோட்டுக்கு 4 லிட்டர், புதுச் சுவரானால் பட்டி 25 முதல் 30 கிலோ. கூரை 120 சதுர அடி, அதற்குத் தனியாக 2 லிட்டர். இதெல்லாம் தண்ணீர் கலக்காத டப்பா லிட்டர்.

தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்பது ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்திருக்கும். பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும். சதுர அடிக் கணக்கில் பொருளோடு ஒப்பந்தம் எடுத்தவர் கொஞ்சம் கூட ஊற்றினால் அவருக்கு ஒரு டப்பா மிச்சம். உங்களுக்குப் படலம் மெலிந்து, கழுவும்போது தூள் வரும். அளவுக் குவளை ஒன்று வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் சண்டை வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கள்: பல டப்பாக்களுக்குள் பெயின்டருக்கென்று டோக்கன் வருகிறது. அவர் குறிப்பிட்ட கம்பெனியை அழுத்திச் சொல்வதற்கு அனுபவம் காரணமாக இருக்கலாம், டோக்கனாகவும் இருக்கலாம். கம்பெனியை அவர் சொல்லட்டும். எந்தப் படி என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

கலர் ஆழமாகும்போது

கடையின் கலர் இயந்திரம் எல்லா நிறத்துக்கும் ஒரே வெள்ளையில் கலப்பதில்லை. வெளிர் நிறத்துக்கு வெள்ளை பேஸ் (சாயம் கலப்பதற்கான அடிப்படைப் பெயின்ட்). ஆழ்ந்த சிவப்பு, கரும்பச்சை, அடர் மஞ்சளுக்குத் தனி பேஸ். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவு, இருந்தால் நிறம் வெளுத்துவிடும். அதனால் மறைக்கும் திறனும் குறைவு. சிவப்பும் மஞ்சளும் மூன்று கோட் கேட்பது பெயின்டரின் ஏமாற்றல்ல. அடியில் அதே சாயலில் வெளிர் நிறம் ஒரு கோட் கொடுத்தால் ஒரு கோட் மிச்சமாகலாம். ஆழ்ந்த மேட் நிறத்தில் நகம் பட்டாலும் வெள்ளைக் கீறல் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷேட் கார்டில் பார்த்த நிறம் முழுச் சுவரில் இன்னும் அடர்ந்து தெரியும். சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி உங்கள் வீட்டு விளக்கிலும் பாருங்கள். ஒரே சுவருக்கு இரண்டு டப்பா வேண்டியிருந்தால் இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்துகொண்டு தொடங்குங்கள். தனித்தனியாக அடித்தால் டப்பா மாறிய இடம் கோடாகத் தெரியலாம். அடிக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். காற்றில் ஓரம் சீக்கிரம் காய்ந்து, அடுத்த ரோலர் இழுப்பு அதன் மேல் ஏறிய இடமெல்லாம் பட்டையாக நிற்கும். ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் டீ. கோட்டுக்குக் கோட் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி.

எப்போது அடிப்பது?

தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குப் பெயின்ட் நினைப்பு வருவது பொங்கலுக்கு முன்னால். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர், மார்கழிப் பனி, கிடைக்காத பெயின்டர், போகிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் எல்லாம் ஒன்று சேரும் நேரம் அது. உள்சுவர்தானே என்று சொல்ல முடியாது, வெளிச்சுவரில் இறங்கிய மழை உள்பக்கம்தான் வந்து ஆவியாகும். வெள்ளையடிப்பதற்கு அந்த வழக்கம் பொருந்தியது. சுண்ணாம்பு ஈரத்தோடு ஒத்துப்போகும். எமல்ஷனுக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம். சுவர் உலர்ந்திருக்கும், பெயின்டர்களுக்கும் ஓய்வு இருக்கும், கூலி பேசவும் இடமிருக்கும்.

அடித்து முடித்ததும் தொட்டால் ஒட்டாது என்பதால் கழுவத் தொடங்கிவிடாதீர்கள். பசை முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் கறை பட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மிச்சப் பெயின்ட்டைப் பெரிய வாளியிலேயே அரைகுறையாக வைக்காமல், நிறைகிற அளவுச் சிறு டப்பாவுக்கு மாற்றி இறுக மூடி, ஷேட் எண், பேஸ், எந்த அறை, எந்த மாதம் என்று மேலே எழுதி வையுங்கள். பிறகு திறக்கும்போது அழுகல் வாடை வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். வாடை இல்லாமல் கலக்கியதும் கட்டியின்றி ஓடினால் வடிகட்டிப் பயன்படுத்தலாம்: மேட் சுவரில் பட்ட இடத்துக்கு மட்டும், சாட்டின் சுவரில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுசாக.